ஜூலியானாவின் இரண்டு தட்டுகள்

எத்தாளை என்ற கடற்கரை ஊரில் ஜூலியானாவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவளுடைய சொக்லட் டொஃபியைத் தெரியாதவர்கள் இல்லை. அதற்கு ஃபட்ஜ் என்றுதான் உண்மையான பெயர். நூறு தரம் சொல்லிப் பார்த்தாள், ஒருவரும் கேட்கவில்லை, விட்டுவிட்டாள்.

அதை அவள் கற்றது கண்டக்குளிக் கடற்கரையில், பட்டம் கட்டிய பலகையில் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதியின் குசினியில். காற்றுக்காகவே காசு செலவழித்து வருகிறவர்கள் அவர்கள். ஒரு கிழமை முழுக்கக் காற்று அடிக்கவில்லை. சும்மா இருக்க முடியாத ஒரு வெள்ளைக்காரப் பெண் குசினிக்குள் வந்து, சமையற்காரி ஜூலியானாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் செய்து காட்டினாள். டின்பால் ஒரு டின், பட்டர் ஒரு துண்டு, சொக்லட் இரண்டு கட்டி. மெல்லிய நெருப்பில் உருகும்வரை கிண்டவேண்டும். இறக்கி வைத்த பிறகு நாலு மேசைக்கரண்டி ரம். தட்டில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் விடிய வெட்டலாம். இவ்வளவுதான். மணிக்கணக்கில் தொதல் கிண்டித் தோள் கழன்றவளுக்கு இது வேலையாகவே படவில்லை. ரம்முக்குப் பதிலாகத் தென்னஞ்சாராயம் விட்டுப் பார்த்தாள். வெள்ளைக்காரி ஒரு துண்டைத் தின்றுவிட்டு மூன்று துண்டைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு போனாள்.

பிறகு விடுதி வேலையை விட்டு, வீட்டிலேயே கேக்கும் டொஃபியும் ஓடருக்குச் செய்யத் தொடங்கினாள். கணவன் மரியநாயகம் கடலுக்குப் போனால் மீன், போகாவிட்டால் ஜூலியானாவின் கேக். அந்த வீடு அப்படித்தான் நடந்தது.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு மட்டும் அவள் இரண்டு விதமாகச் செய்வாள். ஒன்று சாராயம் விட்டது, தன் சனத்துக்கு. மற்றது சாராயம் விடாதது, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அலீமா வீட்டுக்கு. அலீமா, வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து ஒரு பையோடு வந்து இறங்கியவள். ஜூலியானாவைவிட நாலைந்து வயது மூப்பு. அவளை ஜூலியானா "ராத்தா" என்றுதான் கூப்பிடுவாள். நத்தாருக்கு முதல்நாள் அலீமா தன் வீட்டுச் சட்டியையும் அகப்பையையும் கொடுத்து அனுப்புவாள். ஜூலியானா அந்தச் சட்டியில், சாராயப் போத்தலின் மூடியைத் திறக்கும் முன்னமே, அவர்களுக்கானதைக் கிண்டி, அலீமாவின் பீங்கான் கோப்பையிலேயே ஊற்றிவிடுவாள். இத்தனை வருடத்தில் ஒரு பிசகும் இல்லை.

இந்த வருடம் பிசகியது.

அலீமாவின் மகள் முஃபீதாவைப் பார்க்க, நத்தாருக்கு முந்திய நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு புத்தளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர் வருவதாக இருந்தது. "ஜூலி ஆன்ரிட டொஃபி கட்டாயம் வைக்கோணும்" என்று முஃபீதா பிடிவாதமாக நின்றாள். இருபது பேருக்குப் பீங்கான் கோப்பை போதாது. ஆகவே ஜூலியானா தன்னுடைய அலுமினியத் தட்டு ஒன்றில் ஊற்றினாள். சாராயம் விட்டதை அதன் சோடித் தட்டில் ஊற்றினாள். அலீமாவுக்கு உரியது குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டில், மற்றது கீழ்த்தட்டில். இதை மறப்பதற்கு என்ன இருக்கிறது? அவள் மறக்கவும் இல்லை. காலை பத்து மணிக்கு, மேல்தட்டில் இருந்ததை எடுத்து, துண்டு போட்டு, பெட்டியில் அடுக்கி, கொண்டுபோய் அலீமாவின் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக வந்தாள்.

மத்தியானம் மரியநாயகம் கோயிலில் பாலன் குடில் கட்டிவிட்டு, கையெல்லாம் வைக்கோலோடு வந்தான்.

"டொஃபி குடுத்தாச்சோ?"

"ஓம். மேல இருந்ததத் துண்டு போட்டுக் குடுத்தாச்சு."

மரியநாயகம் தலையைச் சொறிந்தான். அவன் தலையைச் சொறிந்தால் வீட்டில் ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

"இல்ல, நேத்துப் பின்னேரம் நண்டு வைக்க இடம் காணாதெண்டு ரெண்டு தட்டையும் வெளிய எடுத்தனான்."

"திருப்பி வைச்சீங்கதானே?"

"வைச்சனான்."

"எப்பிடி வைச்சீங்க?"

"எப்பிடியெண்டா... வைச்சனான்."

"மேல இருந்தத மேலயோ?"

"அப்பிடித்தான் நினைக்கிறன்" என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நண்டு கடிச்சுப்போட்டுது ஜூலி, அந்த அவதியில..." என்று விரலைக் காட்டினான். விரலில் காயம் இருந்தது. வேறு ஒன்றும் அவனுக்கு ஞாபகம் இல்லை.

ஜூலியானா மீதித் தட்டை எடுத்து மேசையில் வைத்தாள். கறுப்பாக, பளபளவென்று, குற்றமே அறியாதது மாதிரி இருந்தது. வேறு யாராக இருந்தாலும் ஒரு துண்டை வாயில் போட்டு ஒரு நொடியில் சொல்லியிருப்பார்கள். "இதென்ன பெரிய விசயம், நீயே சாப்பிட்டுப் பாரன்" என்றான் மரியநாயகமும்.

அங்கேதான் சிக்கல். ஜூலியானாவுக்கு மணமும் தெரியாது, ருசியும் தெரியாது. கொரோனாக் காலத்தில் ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் பிடித்துக் கிடந்து பிழைத்து வந்தவள். மூச்சு திரும்பி வந்தது, மூக்கு வரவில்லை. இனிப்பென்றால் இனிப்பு, உப்பென்றால் உப்பு, அதற்கு மேல் நாக்கில் ஒன்றுமில்லை. மூக்கில்லாத சமையற்காரிக்கு யார் ஓடர் கொடுப்பார்கள்? அதனால் கணவனுக்கும் சொல்லவில்லை. அளவு பார்த்து, மணிக்கூடு பார்த்து, நிறம் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேலாக ஊருக்கே இனிப்புச் செய்துகொண்டிருந்தாள். ஒரு கேக் கருகவில்லை. அதில் அவளுக்கு உள்ளுக்குள் பெருமையும் இருந்தது, பயமும் இருந்தது.

"எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. நீங்க பாருங்க" என்றாள்.

"நானோ?" மரியநாயகம் இரண்டடி பின்னால் போனான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தலவிலக் கோயில் அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தவன் அவன். அவள் உயிரோடு வந்தால் சாகும்வரை சாராயம் ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்றான். அவளும் வந்தாள். அவனும் தொடவில்லை. "நாக்கில வைச்சா வைச்சதுதான். உனக்கு ஏதும் நடந்தா ஆர் பொறுப்பு?"

"மூக்கால மணந்து பாருங்கவன்."

மணந்தான். முப்பது வருடம் பீடிப் புகை போய்வந்த மூக்கு அது. "மணக்குது" என்றான்.

"என்ன மணக்குது?"

"சொக்லட்."

சொக்லட்டில் சொக்லட் மணக்காமல் கருவாடா மணக்கும்? ஜூலியானா மூன்று துண்டுகளை வெட்டிக்கொண்டு பின்வளவால் நிக்கொலஸ் வீட்டுக்குப் போனாள். சாராய விசயத்தில் அவனுக்கு மேல் எத்தாளையில் ஆளில்லை. வேறு யாரிடம் போனாலும் "நீ ஏன் சாப்பிட்டுப் பாக்கயில்ல?" என்று கேட்பார்கள். நிக்கொலஸ் எதையும் கேட்கமாட்டான். நத்தார் அவனுக்கு விடியற்காலையிலேயே தொடங்கிவிட்டிருந்தது.

முதல் துண்டைத் தின்றான். "இருக்கு அக்கா."

"சாராயம் இருக்கோ? வடிவா யோசிச்சுச் சொல்லு."

இரண்டாவதைத் தின்றான். "இல்லப் போல."

"இருக்கெண்டாய்?"

மூன்றாவதைத் தின்று கண்ணை மூடி வெகுநேரம் இருந்தான். நித்திரையாகிவிட்டானோ என்று அவள் பயந்தாள். "சாராயம் இருக்கிறது உண்மை" என்றான் கடைசியில். "ஆனா அது டொஃபியில இருக்கிறதோ, எனக்குள்ள இருக்கிறதோ, அதத்தான் சொல்லேலாமக் கிடக்கு."

வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்தாள். மணி இரண்டு. அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போய்ச் சொல்வதா? கொடுத்தது நல்ல தட்டாக இருந்தால், சும்மா கிடந்த சங்கதியைக் கிளப்பி, பெண் பார்க்க வரும் நேரத்தில் அலீமாவின் வீட்டைக் கலக்கிய பாவம் வரும். சொல்லாமல் விடுவதா? கொடுத்தது சாராயத் தட்டாக இருந்தால், தன்னை நம்பி வாயைத் திறக்கும் இருபது பேரின் வாயிலும் ஹராமைப் போட்ட பாவம் வரும். அதில் ஒருவர் கண்டுபிடித்தாலும் முஃபீதாவின் கலியாணம் அத்தோடு சரி. போய்ச் சொன்னால், "உனக்கு மணக்கயில்லையா?" என்று அலீமா கேட்பாள். அதற்கு என்ன பதில்? எழுந்தாள், இருந்தாள், மறுபடி எழுந்தாள். செபமாலையை எடுத்தாள், எந்த மணியில் நிற்கிறாள் என்பதே தெரியவில்லை. அன்னம்மாளே, என்னுடைய மூக்கை எடுத்ததுக்குப் பதிலாக இந்த மனுசனுடைய கையை எடுத்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்காக உடனே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பள்ளிவாசலில் யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சத்தில் அஸர் பாங்கு சொல்லிவிடுவார்கள். அது முடிந்தால் வான் வந்துவிடும். அவள் செருப்பையும் போடாமல் ஓடினாள்.

அலீமாவின் வீட்டில் கதிரைகளுக்கெல்லாம் உறை மாட்டியிருந்தது. முஃபீதா அறைக்குள் உடுத்துக்கொண்டிருந்தாள். மேசையில் வட்டிலப்பம் இருந்தது, மஸ்கட் இருந்தது, வாழைப்பழம் இருந்தது. டொஃபியைக் காணவில்லை.

"ராத்தா, டொஃபி எங்க?"

அலீமா திரும்பிப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பில்லை. "ஏன் கேக்கிறாய்?"

"குடுத்திட்டீங்களோ? ஆரும் சாப்பிட்டிட்டினமோ? தட்டு மாறியிருக்கலாம் ராத்தா. மாறாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது. இவர் நண்டு வைக்கிறனெண்டு..." சொல்லச் சொல்ல அழுகை முந்திக்கொண்டு வந்தது. "எனக்கு மணம் தெரியாது ராத்தா. ருசியும் தெரியாது. கொரோனாவோட போனது. நான் ஒருத்தருக்கும் சொல்லயில்ல."

அலீமா அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். கிணற்றுக்கட்டில், ஷொப்பிங் பை ஒன்றில் இறுக்கி முடிந்தபடி டொஃபிப் பெட்டி இருந்தது.

"நீ கேற்றத் தாண்ட முந்தியே திறந்தேன். அப்பவே மணந்திச்சு. வாழ்நாள்ல தொடாதவளுக்குத்தான் புள்ள அந்த மணம் முதல்ல பிடிபடும்."

"அப்பவே என்னக் கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிட்டு நான் என்னண்டு கேக்கிற? தெரிஞ்சே செஞ்சியா எண்டா? அப்பிடி ஒரு கேள்வியக் கேட்ட பொறகு நான் எந்த முகத்தோட உன்ட வாசல மிதிக்கிற?" அலீமா பையின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள். "தெரியாமச் செஞ்சிருந்தா நீ ஓடி வருவாய். தெரிஞ்சே செஞ்சிருந்தா வரமாட்டாய். வட்டிலப்பத்த அடுப்புல வெச்சிட்டு, காலையில இருந்து உன்ட கேற்றத்தான் பாத்துட்டு இருந்தேன். பன்னெண்டாச்சு, ரெண்டாச்சு, நீ வரல்ல. நெஞ்சு எரிஞ்சிச்சு புள்ள."

ஜூலியானா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். ஒன்றுக்கும் உதவாத அந்த மூக்கு இப்போது மட்டும் தாராளமாக ஒழுகியது.

"போன நோன்புல என்ட கஞ்சி அடிப்புடிச்சிச்சு, ஞாபகமா?" என்றாள் அலீமா. "தெருவே மூக்கப் பொத்திச்சு. நீ மட்டும் நல்ல வாசம் ராத்தா எண்டு ரெண்டு கோப்ப குடிச்சாய். என்ட மனசு நோகக்கூடாதெண்டு சொல்றாய் எண்டு நினைச்சேன். எனக்குச் சொல்லியிருக்கலாமே ஜூலி. ஒரு வேலிதானே நடுவுல."

அலீமா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "இது சாராயமெண்டா உன்ட வீட்டுல இரிக்கிறது எங்கடது. நிண்டு அழாம ஓடு. எடுத்துட்டு வா."

ஓடினாள். தட்டைத் தூக்கினாள். மரியநாயகம் என்ன என்று கேட்டான். "உங்கட நண்டக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தாள். ஒரு மூலையில் மூன்று துண்டு குறைந்திருந்தது. நிக்கொலஸ் ஒரு துளி சாராயமும் இல்லாததைத் தின்றுவிட்டுத்தான் அவ்வளவு ஞானம் பேசியிருக்கிறான்.

கிணற்றடியில் அலீமா தட்டை வாங்கி இரண்டு கையாலும் முகத்துக்கு நேரே தூக்கினாள். ஜூலியானா அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே தெருவில் வான் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டது.

"ஒண்டுமில்ல. நல்லது. பாலும் சொக்லட்டும் மட்டுந்தான்" என்றாள் அலீமா. "முஃபீதா, கத்தி கொண்டு வா!"

வாசலில் ஹோர்ன் அடித்தது. உள்ளே ஆட்கள் பரபரத்தார்கள். அலீமா தட்டோடு திரும்பினாள். ஜூலியானா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு வருடமாக ஒருவரிடமும் கேட்க முடியாதிருந்ததைக் கேட்டாள்.

"ராத்தா, அது எப்பிடி மணக்குது?"

இரண்டாம் தரம் ஹோர்ன் அடித்தது. "உம்மா, வந்திட்டாங்க!" என்று முஃபீதா கூப்பிட்டாள். அலீமா அசையவில்லை. தட்டை மறுபடி முகத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடினாள்.

"பொறு, சொல்றேன்" என்றாள்.