பெண் டாங்கிக்கு வைத்த பீரங்கி

சனிக்கிழமை தோறும் பால்காரன் வந்து போனதும், தெர்ஸா ஆட்லிங் ஒரு வாளி வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்துக்கொண்டு பூங்காவுக்குள் போவாள். பூங்காவின் நடுவில், இரும்பு வேலிக்குள், சிமெண்டு மேடை மேல் எங்கள் ஊரான ஹாவர்பியின் யுத்த டாங்கி நின்றது. முதலில் மேலே ஏறிப் புறா எச்சத்தைச் சுரண்டுவாள். பிறகு பக்கத்துத் தகடுகளைத் தேய்ப்பாள். கடைசியில் மண்டியிட்டு, சின்னக் கதவு வழியாகத் தலையை நுழைத்து, முந்தின இரவு மதுக்கடையிலிருந்து வீடு திரும்பிய கனவான்கள் உள்ளே விட்டுப்போனதை அலசித் தள்ளுவாள். நாட்டின் வெற்றிச் சின்னத்தை ஹாவர்பி ஆண்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று அவளைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

உண்மையில் அது அவள் வேலை இல்லை. அவள் கணவன் ஜேபஸின் வேலை. டாங்கிக் காவலர் என்று அதற்குப் பெயர். வேலையோடு பூங்கா வாசலில் ஒரு வீடும் வந்தது. கூரை ஒழுகாத, சுவரில் ஈரம் ஏறாத, அடுப்பு ஒழுங்காக எரிகிற வீடு. அதற்கு முன் அவர்கள் இருந்த ஆற்றோரச் சந்தில் சுவர்க்காகிதம் ஈரத்தில் தானாகக் கழன்று தொங்கும். ஜேபஸின் நெஞ்சு அந்தச் சந்தில் இன்னொரு குளிர்காலத்தைத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே தெர்ஸாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த வீடு ஒன்றுதான். அதற்காகத்தான் டாங்கியைக் கழுவினாள். ஜேபஸ் ஒரு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நிற்பான். அதற்குமேல் ஓர் அடி வைக்கமாட்டான். இது ஊருக்கே தெரியும், நகரசபைக்கு மட்டும் தெரியாது. அந்த நேரத்தில் நகரசபைக்காரர்கள் படுக்கையில் படுத்து, கீழே பன்றி இறைச்சி வறுபடும் வாசனைக்காகக் காத்திருப்பார்கள்.

தெர்ஸா படகுக்காரனின் மகள். பள்ளிக்கூடத்தை விட்டதும் பார்லி வியாபாரி லெகட் வீட்டில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தாள். அதே லெகட்தான் பின்னால் நகரசபைச் சேர்மன் ஆனார். அங்கே இரும்பு அடுப்புகளுக்குக் கறுப்பு மெருகு பூசித் துலக்கியதில் அவள் விரல் ரேகைகள் கறுத்தே போயின. ஜேபஸ் நீராவி எந்திரத்தால் ஏர் ஓட்டும் கூட்டத்தோடு பண்ணை பண்ணையாகப் போகிறவன். எந்திரத்தைத் தட்டிப்பார்த்தே அதன் கோளாறைச் சொல்லிவிடுவான். யுத்தம் வந்தபோது அந்தத் திறமைதான் அவனுக்குக் கேடானது. எந்திரம் தெரிந்தவர்களை எல்லாம் டாங்கியில் ஏற்றினார்கள்.

இரும்புப் பெட்டிக்குள் எட்டுப் பேர். நடுவே, மூடாப்பு எதுவும் சரியாக இல்லாமல், எஞ்சின். ஜேபஸ் அதற்குப் பின்னால் கியர் மாற்றுகிறவன். புகையில் வாந்தியெடுத்துக்கொண்டே வேலை செய்வார்கள். கத்தினாலும் கேட்காது என்பதால் ஓட்டுநர் எஞ்சின் மூடியில் ஸ்பானரால் தட்டுவார். அந்தத் தட்டுதான் உத்தரவு. வெளியே தகட்டில் குண்டு பட்டால் உள்பக்கம் இரும்புத் துணுக்கு சூடாகத் தெறிக்கும். ஜேபஸின் கன்னத்தில் நீலப் புள்ளிகளாக அவை இன்னும் இருந்தன. பாதிச் செவிடாகத் திரும்பி வந்தவன் வீட்டிலும் வாய் திறந்து கூப்பிடுவதை விட்டுவிட்டான். கரண்டியால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் தேநீர். இரண்டு என்றால் கொஞ்சம் பக்கத்தில் வந்து இரு.

லெகட்டுக்கும் யுத்தத்தில் பங்கு இருந்தது. குதிரைப்படைக்கு ஓட்ஸ் விற்றார். ஊர் ஊராக வந்த ஒரு டாங்கியின் மேல் ஏறி நின்று, யுத்தச் சேமிப்புப் பத்திரம் வாங்குங்கள் என்று தொண்டை கிழியப் பேசினார். கீழே நின்ற விதவைகள் வாங்கினார்கள். அதற்குப் பரிசாகத்தான், யுத்தம் முடிந்ததும், அரசாங்கம் எங்களுக்கு ஒரு டாங்கியைக் கொடுத்தது. ரயிலில் வந்திறங்கி, கடைத்தெருக் கல்லையெல்லாம் பெயர்த்துக்கொண்டு, பூங்காவுக்குள் ஊர்ந்து போய் நின்றது. கொண்டுவந்த சிப்பாய்கள், அது இனி ஓடாதபடி எஞ்சின் சங்கிலியைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பீர் குடித்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

அதன் பிறகுதான் நகரசபைக்கு விஷயம் விளங்கியது. டாங்கிகளில் ஆண், பெண் என்று இரண்டு வகை. பீரங்கி வைத்தது ஆண். இயந்திரத் துப்பாக்கி மட்டும் வைத்தது பெண். எங்களுக்கு வந்தது பெண். பக்கத்து ஊரான தோர்ன்பிக்கு ஆண் போயிருந்தது.

யுத்தத்தில் இறந்தவர்களின் பெயர்ப்பலகைக்குக் கல் எடுப்பதா, பித்தளை எடுப்பதா என்று கால் மணி நேரம்கூடப் பேசாத நகரசபை, இதற்காக மூன்று கூட்டம் போட்டது. தோர்ன்பிக்காரன் சிரிப்பானே என்று லெகட் குமுறினாராம். மாற்றித்தரும்படி யுத்த இலாகாவுக்கு எழுதினார்கள். வேண்டாமென்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது. கடைசியில் பிளம்பரை வரவழைத்து, கூரைத் தண்ணீர் இறங்கும் இரும்புக் குழாயில் இரண்டு துண்டு வெட்டி, இரு பக்கமும் பீரங்கிபோல நீட்டிவைத்து, சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தார்கள். ஹாவர்பியின் மானம் இப்படி ஒரு முழ நீளம் வளர்ந்தது. திங்கட்கிழமைகளில் சில பெண்கள் அதில் உள்பாவாடைகளை உலர்த்தினார்கள். லெகட் போலீஸை அனுப்பினார். நனைந்த பாவாடைகளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் போலீஸ்காரர் நின்றதை ஊர் வெகுநாள் சொல்லிச் சிரித்தது.

டாங்கி வந்த ஐந்தாம் ஆண்டு விழாவுக்கு ஒரு கர்னல் வருவதாக ஏற்பாடாயிற்று. ஜேபஸ் மெடல் குத்திக்கொண்டு குழாய்க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கர்னலுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பீரங்கியின் பெருமையை எடுத்துச் சொல்ல வேண்டும். இது சேர்மன் உத்தரவு. ஜேபஸ் இருந்ததே பெண் டாங்கியில். எந்தப் பீரங்கியையும் அவன் கையால் தொட்டதில்லை. தெர்ஸா ஒரு வாரம் அவனைத் தயார்ப்படுத்தினாள்.

"ஒரு வரிதான் ஜேபஸ். 'இந்தப் பீரங்கி நல்லா வேலை செஞ்சுது சார்.' சொல்லிட்டு வந்துடு. ஒரு பொய்யில வாய் வெந்துடாது."

"சொல்றப்போ குழாயைப் பாக்கணுமா, சேர்மனைப் பாக்கணுமா?"

"உன் பூட்ஸைப் பாரு."

விழாவன்று அவள் கையைப் பிடித்தபடி அவன் வேலியைத் தாண்டினான். அதுவே பெரிய விஷயம், நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. கர்னல் குதிரைப்படைக்காரர். டாங்கியை இவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். குழாயை அன்பாகத் தட்டி, எத்தனை ஜெர்மன்காரர்கள் இதைப் பார்த்து நடுங்கியிருப்பார்கள் என்று பிள்ளைகளிடம் உருக்கமாகச் சொன்னார். இரண்டாவது தட்டில், உள்ளே கூடு கட்டியிருந்த மைனா ஒன்று வைக்கோலும் புழுதியுமாகப் பறந்து, அவர் தொப்பியை உரசிக்கொண்டு போயிற்று.

ஜேபஸ் சிரித்தான். முதலில் மூக்கு வழியாக, பிறகு வாய்விட்டு. யுத்தத்துக்குப் போனதிலிருந்து அவன் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிடித்த இடத்தில் அது ஆடியது. பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். தெர்ஸா மட்டும் சிரிக்கவில்லை. அவள் லெகட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே லெகட் வந்தார். யாரும் சொல்லாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றவில்லை. ஜேபஸ் உள்ளறையில் இருமிக்கொண்டு படுத்திருந்தான். இடையில் இருந்த கதவு திறந்திருந்தது.

"கர்னல் எதிர்ல என் மானத்தை வாங்கிட்டான்மா உன் புருஷன்."

"இருமல் ஐயா. புழுதி ஏறிடுச்சு."

"சிரிப்பு எது இருமல் எதுன்னு எனக்குத் தெரியாதா?"

பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். தான் கெட்டவன் இல்லை என்றார். திங்கட்கிழமை ஜேபஸ் நகரசபைக்கு வரவேண்டும். யுத்தத்தில் தன் மண்டை கலங்கிவிட்டது, அதனால்தான் காரணமில்லாமல் சிரித்தேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் வீடு அவர்களுக்கே. அடுத்த வாரம் டாங்கியைப் பார்க்க பிஷப் வேறு வருகிறார். அதற்குள் பேச்சு அடங்கிவிடும்.

தெர்ஸா அடுப்பைப் பார்த்தாள். காய்ந்த சுவரைப் பார்த்தாள். பார்த்தவள் மெதுவாகத் தலையசைக்கத் தொடங்கிவிட்டாள் என்பதுதான் உண்மை. லெகட் அதோடு வாயை மூடியிருந்தால் காரியம் முடிந்திருக்கும். வாயை மூடுவது அவருக்கு வராது.

"இதுல வெக்கப்பட ஒண்ணுமில்லம்மா. அவன் உக்காந்திருந்ததே பொம்பள வண்டியில. ஆம்பள வண்டியில போனவன் எவனும் இப்படித் திரும்பி வரல."

தெர்ஸாவின் தலை அசைவது நின்றது.

"உங்க வீட்டு அடுப்பை நான் துலக்கினேன் ஐயா, சின்னப் பிள்ளையா இருக்கிறப்போ," என்றாள். "அப்பவே உங்களைப் பத்தி ஒண்ணு நெனச்சேன். இன்னிவரைக்கும் அதை மாத்திக்க வேண்டி வரல."

"என்ன பேசற நீ?"

"இன்னிக்கு முன்னால அவர் அந்த டாங்கியைத் தொட்டதில்ல. அஞ்சு வருஷமா கழுவுறது நான். உங்களைத் தவிர ஊருக்கே தெரியும்."

லெகட் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

"அப்ப வேலையே பாக்காம இந்த வீட்டுல இருந்திருக்கான்."

"ஆமா."

"காலி பண்ணணும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அந்த ஆத்தோரச் சந்துக்குத்தான் போகணும்."

"அதுவும் தெரியும்."

உள்ளறையில் கட்டில் சட்டத்தில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு தட்டு. தெர்ஸா மூலையிலிருந்த வாளியைத் தூக்கி வந்து லெகட்டின் பளபளத்த பூட்ஸுக்கு முன்னால் வைத்தாள். சோடாப் பொட்டலத்தையும் தேய்ப்பு பிரஷையும் அதற்குள் போட்டாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

லெகட் வாளியைப் பார்த்தார். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

"பிஷப் வர்றாரும்மா. அதுக்குள்ள அதை யார் கழுவுவா?"

தெர்ஸா உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.