நிமிர்த்தி வரைந்த படம்

பிரான்சில் இருநூறு வருடங்களுக்கு முன் பெண்களைக் கிரேக்கச் சிலைபோல் வரைந்த பெண் ஓவியர் ஒருவரைப் பற்றிக் கல்லூரியில் படித்துவிட்டுப் போடிக்குத் திரும்பியிருந்தேன். அவரைப்போலவே வரைய ஆசை. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்கா நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் எனக்காக அசையாமல் உட்கார்ந்தார். சுமை தூக்கிக் கோணிய உடம்பைப் படத்தில் நிமிர்த்தி, வெள்ளைத் துணி உடுத்தியதுபோல் வரைந்தேன்.

அடுத்த மாதம் போடிமெட்டு மலைப்பாதை வளைவில் தோட்டத்துக்குப் போன ஜீப் கவிழ்ந்து அக்கா இறந்துபோனார். மாலை போட நல்ல படம் இல்லையென்று அவர் கணவர் வந்து கேட்டார். நான் நீட்டியதை வெகுநேரம் பார்த்தார்.

“இது அவ இல்ல ஆத்தா. அவளுக்கு ஒரு தோளு எறங்கியிருக்கும்,” என்றவர், வாங்காமலே போய்விட்டார்.

திருத்தி வரைய உட்கார்ந்தேன். எந்தத் தோள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கணவரிடம் போய்க் கேட்கவும் முடியவில்லை.