குளிர் ஏறிய தோள்

எர்லிண்டா செலெதோனிடம் கை குலுக்கியவன் ஒரு நிமிடம் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொள்வான். அவ்வளவு பிடி. அவளுடைய அப்பா ரிவாஸ் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிப்போன மாட்டுவண்டிக்காரர். நுகம் அழுத்தி வீங்கிய மாட்டுத் தோளை நீவி நீவித்தான் அவளுக்கு இந்தக் கை வாய்த்தது. மாடுகளுக்குப் பிறகு மனிதர்கள் வந்தார்கள். சுளுக்கு, பிசகு, பிள்ளை பெற்ற இடுப்பு என்று அவள் வீட்டு முற்றத்தில் எப்போதும் யாராவது முனகிக்கொண்டிருப்பார்கள். மாட்டு வைத்தியம் என்று எங்கள் ஊர் ஆம்பிளைகள் கேலி பேசுவார்கள். கழுத்து பிடித்துக்கொண்டால் அதே ஆம்பிளைகள்தான் விடிவதற்குள் வந்து கதவைத் தட்டுவார்கள்.

ஊர் பேஸ்பால் அணியோடு அவளுக்கு ஒட்டு ஏற்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் மைதானச் சுவரோரம் வீகோரோன் விற்கிறவள். வாழை இலையில் மரவள்ளிக்கிழங்கு, மேலே பன்றித்தோல் வறுவல், அதற்கு மேல் கோஸ். அன்று ஆட்டத்தின் நடுவில் பந்து பட்டு எங்கள் கேட்சரின் விரல் பின்பக்கமாக மடங்கிவிட்டது. கோவிலுக்குப் போட்டுவந்த செருப்போடு எர்லிண்டா கம்பிவேலி தாண்டி இறங்கினாள். அவன் மாதாவைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் விரல் நேராகிவிட்டது. அவனே மீதி ஆட்டத்தையும் ஆடினான்.

அதற்குப் பிறகு அவள் கட்டைவிரல் படாமல் எங்கள் அணி பந்து எறிகிற பிட்சர் ஒருவரையும் எடுத்ததில்லை. புது ஆள் வந்தால் சட்டையைக் கழற்றிவிட்டு அவள் முற்றத்தில் உட்கார வேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு தோள்பட்டை நெடுகக் கட்டைவிரலை ஓட்டுவாள். அணியை நடத்துகிற தலைவர் வேலிக்கு வெளியே நிற்பார். அவள் தலையை ஆட்டினால் ஒப்பந்தம். "நல்ல பையன், அவங்க அம்மாகிட்ட அனுப்பிடுங்க" என்று சொன்னால் அத்தோடு சரி. டாக்டரைக் கேட்டாலாவது ரெண்டாவது டாக்டரைக் கேட்பார்கள். அவள் சொன்னதற்கு மேல் யாரும் போனதில்லை.

புருஷன் கரும்பு வெட்ட கோஸ்தா ரிக்கா போனான். அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு தங்கிவிட்டான். எர்லிண்டாவுக்கு மிச்சமானது ஒரே மகன், எலியேசர். ஞானஸ்நானத்தின்போது அவனைக் கையில் ஏந்தி நின்றவள் நான்தான். அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கோமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். பையனுக்குத் தாயின் கை. பதினேழு வயதில் வடக்கே டாலர் நாட்டிலிருந்து ஆட்கள் வந்து அவன் எறிவதைப் பார்த்துவிட்டுக் கையோடு கூட்டிப்போனார்கள். பஸ் கிளம்பும்போது எர்லிண்டா முதலில் அவன் தோளுக்கு முத்தம் கொடுத்தாள், பிறகுதான் கன்னத்துக்கு. அதைச் சொல்லிச் சொல்லி அவளைப் பல வருடம் ஓட்டியிருக்கிறேன்.

வடக்கே பெரிய அணி வரைக்கும் அவன் போகவில்லை. அதற்குக் கீழே, அதற்கும் கீழே என்று சில வருடங்கள் ஆடினான். தோள் வலி வந்தது. ஒரு நாள் இனி எங்களுக்கு நீ வேண்டாம், யாரிடம் வேண்டுமானாலும் போய்க்கொள் என்று விட்டுவிட்டார்கள். மழைக்காலத்தில் வீடு வந்து சேர்ந்தான். வந்தவன் சுவரைப் பார்த்துப் படுத்தான். வைத்ததைத் தின்றான், வைக்காவிட்டால் கேட்கவில்லை. மழை விட்ட நேரங்களில் எழுந்து ஏரிக்கரைக்குப் போவான்.

அதுதான் எர்லிண்டாவின் உயிரை உருக்கியது. போன வருடம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் இப்படியே வடக்கிலிருந்து திரும்பி வந்து, ஒரு காலையில் ஏரியில் இறங்கினான். கரையேறவில்லை. அந்தப் பையன் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. ஆனால் எலியேசர் செருப்பை மாட்டினால் போதும், யார் கையை நீவிக்கொண்டிருந்தாலும் பாதியில் விட்டுவிட்டுப் பின்னால் போவாள். கையெல்லாம் நீவுகிற கோழிக்கொழுப்போடு, படகுத்துறைக்கு எட்டத்தில் ஒரு மரத்தின் மறைவில் அவள் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். கிட்டே போக மாட்டாள். மகன் திரும்பினால் அவளும் திரும்புவாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் அணிக்கு ஒரு பிட்சர் தேவைப்பட்டது. அரையிறுதியில் கிரனடா அணியோடு மோத வேண்டும்; புது ஆள் ஒருவருக்குத்தான் இடம்; சனிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தலைவர் தோன் ஃபாபியோ எங்கள் தடத்தில் பஸ் விடுகிறவர். எனக்கு அவரைப் பிடிக்காது, அதை மறைப்பானேன். பஸ்ஸில் ஆளைத் திணிப்பது போலவேதான் எல்லாக் காரியத்தையும் செய்வார். பயிற்சியாளர் ப்ரூனோ பாவம், ஒழுங்கான மனுஷன். சினான்தேகாவிலிருந்து ஒரு இடதுகைக்காரனைப் பேசி வைத்திருந்தான். கையில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் அவன் எறிந்த பந்து போய்ச் சேர்வதற்குள் ஒருத்தர் என் வீகோரோனைத் தின்று முடித்துவிடலாம்.

என் மேசையில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் மல்லுக்கட்டினார்கள். எலியேசர் பெயரைப் போட்டால் மைதானம் நிரம்பும் என்றார் தோன் ஃபாபியோ. நிரம்பின மைதானத்துக்கு முன்னால் கை போனால் என்ன செய்வீர்கள் என்றான் ப்ரூனோ. நல்ல கையாக இருந்தால் அவர்கள் ஏன் விடப்போகிறார்கள் என்றும் கேட்டான். தோன் ஃபாபியோ வறுவலை மென்றுகொண்டிருந்தார். அப்போதுதான் எலியேசரே அந்தப் பக்கம் வந்தான். தோளுக்கு அங்கே என்ன வைத்தியம் செய்தார்கள் என்று ப்ரூனோ நேராகவே கேட்டுவிட்டான்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் தோளில் ஐஸைக் கட்டிவிடுவார்கள், சில நாள் கையையே ஐஸ் வாளிக்குள் விட்டு உட்காரச் சொல்வார்கள் என்றான் பையன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இஸ்திரி போட்ட கையோடு ஃபிரிட்ஜைத் திறக்காத பெண்கள் நாங்கள். வேர்த்த உடம்பில் தண்ணீர் ஊற்றினால் குளிர் உள்ளே ஏறி நரம்பை இழுத்துவிடும் என்பது இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அடுப்பு போலக் கொதிக்கிற கையைக் கொண்டுபோய் ஐஸில் வைத்தால்? கைக்கு ஒன்றுமே இல்லை, வடக்கத்தியான்கள் குளிரை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு. நானும்தான் நம்பினேன். நம்பாமல் என்ன, நான் மட்டும் நிலாவிலா பிறந்தேன்.

"டாக்டருங்க என்னடா சொன்னாங்க?" என்று ப்ரூனோ விடாமல் கேட்டான்.

"என்னென்னவோ சொன்னாங்க. அம்மா பாத்துச் சொல்லட்டும்" என்றான் எலியேசர்.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் அவன் சட்டையைக் கழற்றி உட்கார்ந்தான். தோன் ஃபாபியோவும் ப்ரூனோவும் வேலிக்கு வெளியே. நான் சூடான கொழுப்புக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எர்லிண்டா கண்ணை மூடினாள். வழக்கத்தைவிட வெகுநேரம் ஆனது. தோளுக்குப் பின்னால் ஓரிடத்தில் கட்டைவிரல் நின்றது. நகர்ந்து போய்த் திரும்ப அங்கேயே வந்து நின்றது. அவள் கண்ணைத் திறந்து மகனின் முகத்தைப் பார்த்தாள். வந்த நாளிலிருந்து அவன் யாரையும் அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி அவளையே பார்த்தான்.

எர்லிண்டா கையைத் துடைத்துக்கொண்டு வேலிக்கு வந்தாள்.

"குளிர்தான். இறக்கிடலாம்."

தோன் ஃபாபியோ தன் பஸ்ஸின் முன்மூடி மேலேயே தாளை விரித்து எலியேசரிடம் கையெழுத்து வாங்கினார். சினான்தேகாக்காரன் மசாயாவுக்கு ஆடப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. கோழிக்கொழுப்பும் கற்பூரமும் தடவி, அனலில் வாட்டிய இலையைக் கட்டி, மேலே கம்பளித்துணி சுற்றி, மழை விட்ட புழுக்கத்தில் அவனை நடமாட விட்டாள். ஊரே காவலுக்கு நின்றது. ஃபிரிட்ஜ் பக்கம் அவன் போனால் அத்தனை வீட்டிலும் சத்தம் போட்டார்கள். என் கடையில் அவனுக்கு மட்டும் பழச்சாறு வெதுவெதுப்பாக. ஒருத்தன் விளையாட்டுக்கு ஒரு ஐஸ் துண்டை அதில் போட்டுவிட்டு என்னிடம் கரண்டியடி வாங்கினான். எலியேசர் சிரித்தான். தாடியை மழித்தான், ரெண்டாம் தட்டு சோறு கேட்டான், ஏரிப்பக்கம் போவதை அடியோடு நிறுத்தினான். சமையலறையில் எர்லிண்டா பாடுவது என் வீட்டுக்குக் கேட்டது. அவள் குரல் சகிக்காது. ஆனாலும் அந்த நாட்களில் அவளைப் பார்த்ததற்கு நான் கடவுளுக்குக் கடன்பட்டவள்.

கிரனடா ஆட்டத்தன்று அவள் கேலரிக்குப் போகாமல் என் கடைக்குப் பக்கத்தில் வெந்நீர் குடுவையோடு உட்கார்ந்துகொண்டாள். முதல் இன்னிங்ஸில் எலியேசரின் பந்து போன வேகத்துக்கு எதிரணிக்காரர்கள் காற்றைத்தான் அடித்தார்கள். ரேடியோக்காரன் தொண்டை கிழியக் கத்தினான். தோன் ஃபாபியோ எங்களைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. எர்லிண்டா மட்டும் ஒரு பந்துக்கும் கை தட்டவில்லை.

நான்காவது இன்னிங்ஸில் அவன் கையை ஓங்கினான். பந்து கையை விட்டுப் போவதற்கு முன்பே எர்லிண்டா எழுந்துவிட்டாள். பந்து எங்கேயோ போய்க் கம்பிவலையில் அடித்தது. எலியேசர் கத்தவில்லை. பந்து எறிகிற மேட்டின் மேல் மண்டிபோட்டு, இடது கையால் வலது கையை, யாருடையதோ ஒரு பொருளைத் தூக்குவது போலத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். எர்லிண்டா ஓடவில்லை. மைதானத்தின் குறுக்கே நடந்துபோனாள்.

மனாகுவா ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். டாக்டர் இளவயதுக்காரர், மரியாதையாகப் பேசினார். உள்ளே தசைநார் முழுவதும் அறுந்துவிட்டது, ஆனால் கிழிசல் புதிது இல்லை, வடக்கிலேயே சொல்லியிருப்பார்களே என்றார். எலியேசர் தலையை ஆட்டினான். டாக்டர் போன பிறகு அவன் தாயிடம் மெதுவாகச் சொன்னதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"கிழிஞ்சிருக்கு, இனிமே எறியாதேன்னுதாம்மா அங்க சொன்னாங்க. நீ கை வச்சுப் பாத்துட்டு குளிர்தான்னு சொன்ன. அப்ப அவங்கதான் தப்புன்னு நினைச்சேன்."

அவள் அவன் நெற்றியில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவன் ஊசி மயக்கத்தில் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டான். எர்லிண்டா என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"என் விரலுக்குத் தெரிஞ்சுது கோமாத்ரே. உள்ள பள்ளம் இருந்துச்சு. என் விரல் முழுசா இறங்குச்சு."

தெரிந்துமா செய்தாய், பெற்ற பிள்ளைக்கா என்று அவளை உலுக்கியிருப்பேன். பஸ் நிறைய ஆட்கள்.

"வேண்டாம்னு சொல்லிருந்தா மறுபடி ஏரிக்குத்தான் போயிருப்பான். கை போனா போகட்டும், புள்ள இருப்பான்ல. இப்ப கை போச்சு. புள்ள இருக்கான்."

அவளை எப்படித் திட்டுவது என்று வந்த வழியெல்லாம் தேடினேன், கிடைக்கவில்லை. அழுகைதான் வந்தது. அவள் சொன்னது சரி என்றே வீடு வரும்போது எனக்கும் பட்டது.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அடுத்த மாதங்களை ஓட்டினாள். புள்ள இருக்கான். எலியேசரின் வலது கை மார்புக்கு மேல் எழவில்லை. தோன் ஃபாபியோ தன் பஸ்ஸில் அவனுக்குக் கண்டக்டர் வேலை கொடுத்தார், அந்த மட்டுக்கும் மனுஷன். காலையில் அவன் தலையைக் குனிந்து காட்டுவான், எர்லிண்டா சீவிவிடுவாள். அவள் வேறு யார் தோளையும் தொடுவதை விட்டுவிட்டாள். சுளுக்கென்று வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாள். ஆனால் மகன் தட்டில் சோறு போடும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது, அது பொய்யில்லை.

மழைக்காலம் முடிந்து ஏரி அடங்கிய சமயம். நான் அவள் வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். ஒமெதேபே தீவிலிருந்து வாழைத்தார் ஏற்றிவருகிற படகுக்காரர் தோன் செக்குந்தினோ வேலிக்கு வெளியே வந்து தொப்பியைக் கழற்றினார். தீவுக்காரர், எங்கள் ஊர் ஆட்டமெல்லாம் அவருக்கு எட்டியிருக்கவில்லை.

"அம்மா, எலியேசர் வீடு இதுதானுங்களா? தம்பி மழைக்காலத்துல தினம் துறைக்கு வந்து படகுல வேலை இருக்கா, வேலை இருக்கான்னு கேட்டுட்டே இருந்துச்சு. பந்து விளையாட்டு நமக்கு முடிஞ்சுபோச்சுங்க, அம்மாவுக்குப் பாரமா இருக்க முடியாதுன்னு சொல்லுச்சு. ஏரி அடங்கட்டும்னு நான்தான் சொல்லியிருந்தேன். இப்ப ஆள் வேணும். நல்ல தோளு, தார் தூக்க ஏத்த பையன். வரச் சொல்றீங்களா?"

துறைக்கு எட்டத்தில் அவள் மறைந்து நின்ற மரம் என் கண் முன்னால் வந்தது. எர்லிண்டாவைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"அவனுக்கு வேற வேலை கிடைச்சிடுச்சுங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

நல்லதும்மா, நல்லதும்மா என்று சொல்லிக்கொண்டே அவர் துறைப்பக்கம் நடந்துபோனார். எர்லிண்டா வேலிக்கம்பியைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த எலியேசர், யாராவது வந்தார்களா என்று வழக்கம்போலக் கேட்டான். யாரும் வரவில்லை என்றாள் அவன் தாய். நானும் இல்லை என்றுதான் சொன்னேன்.