கள் அப்புறம்தான் வந்தது

என் குடியை நிறுத்தியவர் என் மகள் வயதுள்ள ஒரு மனநல மருத்துவர். தஞ்சாவூரில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அவருடைய அறை. அதற்கு முன் மூன்று குடி மறுவாழ்வு இல்லங்களில் சேர்ந்து வெளியே வந்திருந்தேன். மூன்று இடத்திலும் குடியால் கெட்டதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். கல்லூரியில் சரித்திரம் கற்பித்தவன், நன்றாகவே எழுதினேன். மகளின் நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு விரித்த ஜமுக்காளத்தில் நான் விழுந்து தூங்கியது முதல் வரி. அதற்குச் சாக்கு எதுவும் என்னிடம் இல்லை. எழுதிய வருத்தம் தாங்காமல் மறுபடியும் குடித்தேன்.

மனைவி மன்னார்குடியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது சண்டை போடவில்லை. "குறுவை நடவு அன்னிக்கு ஒரு நாள் குடிக்காம இருந்து காட்டுங்க. நான் வந்துடறேன்" என்றாள். சுலபமான நிபந்தனை போலத் தெரியும். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஒரு நடவு நாளில்கூட நான் நிதானமாக இருந்ததில்லை. மற்ற நாள்களில் எப்போதாவது தப்பியிருக்கிறேன். நடவு நாளில் மட்டும் கால் தானாகக் கடைக்குப் போகும். ஏன் என்று எனக்கே தெரியாது.

மருத்துவர் கெட்டதைப் பற்றிக் கேட்கவே இல்லை. "குடிச்சதுல உங்களுக்கு ரொம்ப சந்தோஷமா இருந்த நாள் எதுங்க ஐயா?" என்றார்.

நான் கதவைப் பார்த்தேன்.

"வெளியே யாருக்கும் கேக்காது, சொல்லுங்க. அந்த சந்தோஷத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க்?"

"பதினொண்ணு" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அது எழுபதுகளின் தொடக்கம், அரசாங்கம் கள்ளுக்கடைகளைத் திறந்திருந்த சமயம். நான் பட்டம் வாங்கி ஊருக்கு வந்திருந்தேன். எங்கள் நிலத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம். வரப்பில் சிவப்புக் கொடி. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. "நாமே நட்டுவிடலாம்" என்று அப்பா வீம்பாகச் சொல்ல, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்து நடுவார்கள் என்பது மூன்று வேளையும் சோறு தின்ற எனக்குத் தெரியாது. முன்னால் நடந்துகொண்டே நட்டேன். நட்டதை எல்லாம் நானே மிதித்தேன்.

வரப்பில் நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சின்னய்யா, நட்டதை மிதிச்சிக்கிட்டே எங்க கெளம்பிட்டீங்க, கூத்தாநல்லூருக்கா?" என்றாள் ஒருத்தி. அவளே சேற்றில் இறங்கி வந்து, இரண்டு தோளையும் பிடித்து என்னைத் திருப்பி நிறுத்தினாள். எங்களைத் தொட்டுப் பேசும் வழக்கம் அந்த நாளில் அவர்களுக்குக் கிடையாது. நாங்கள் அப்படி வைத்திருந்தோம். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்பாவே சிரித்துவிட்டார். மத்தியானம் கூலி பேசி முடிந்தது. சாயங்காலம் ஆண்கள் என்னைக் கள்ளுக்கடைக்கு அழைத்துப் போய், பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"அந்த பெஞ்சுதான் பதினொண்ணு" என்றேன்.

கண்ணை மூடி அந்தச் சந்தோஷத்தை நெஞ்சில் பிடித்துக்கொள்ளச் சொன்னார் மருத்துவர். என் முழங்கால்களை இடதும் வலதுமாக மாற்றி மாற்றி மெல்லத் தட்டினார். இதுவும் ஒரு சிகிச்சை முறையாம், வாரத்துக்கு ஒரு தடவை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் நிறுத்தி, "இப்ப என்ன தெரியுது?" என்று கேட்பார். பெஞ்சு, மொந்தை, நுரை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது வாரம் பெஞ்சு மங்கிவிட்டது. சேறு தெரிந்தது. தோளில் இரண்டு ஈரக் கைகள்.

"அங்க எத்தனை மார்க்?"

"இங்கதாங்க பதினொண்ணு" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. கள் அப்புறம்தான் வந்திருக்கிறது. காலையில் கிடைத்த சந்தோஷத்தைச் சாயங்காலம் குடித்த கள்ளின் பேரில் எழுதிவைத்து, இத்தனை வருடம் அதைக் கடை கடையாகத் தேடியிருக்கிறேன்.

"சந்தோஷம் உங்களோடதுதான், வச்சுக்குங்க. அதுல ஒட்டிக்கிட்டதைத்தான் பிரிக்கிறோம்" என்றார் மருத்துவர்.

அந்த ஆண்டுக் குறுவை நடவுக்கு நானும் இறங்கினேன். எழுபதை நெருங்கிய வயது. நடவுக்கு வந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சார், இடுப்பு புடிச்சிக்கிட்டா எங்களைச் சொல்லக் கூடாது."

"பின்னால நகரணும், தெரியும்ல?"

"தெரியும்மா. அதுக்கு மட்டும் முறையாப் படிச்சிருக்கேன்."

மூன்று மணிக்குத் தொண்டை வறண்டது. கடை எந்தப் பக்கம் என்று கண் போனது. ஆனால் இடுப்பு நிமிர மறுத்தது. நிமிராதவன் கடைக்கு எப்படிப் போவது? அடுத்த நாற்று முடியை எடுத்துக் கட்டைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் என் வரிசை கோணல் என்று பிடுங்கி நட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். தொண்டையை மறந்துவிட்டேன்.

கடைசி முடி நட்டுக் கரையேறியபோது மனைவி வரப்பில் நின்றிருந்தாள். மகள் வீட்டுப் பை கையிலேயே இருந்தது. கீழே வைக்கவில்லை.

"துண்டைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். வழக்கம்போல மூக்கருகே கொண்டுபோனாள். இரண்டு முறை முகர்ந்து பார்த்தாள்.

"சேறுதான் நாறுது" என்று சொல்லி, பையை என்னிடம் நீட்டினாள். "புடிங்க, கனக்குது."