வாயிலுக்கு வந்த அம்மன்

நகரின் தென்புறத்தில் உள்ள தேசியப் பூங்காவின் வாயிலுக்கு வெளியே, ஆண்டுதோறும் மாசி மாதத்தில் சில குடும்பங்கள் பொங்கல் வைக்கின்றன. அவ்வழக்கத்தை ஏற்படுத்தியது வனத்துறையே என்று அண்மையில் ஒரு பயிலரங்கில் இளம் அலுவலர் ஒருவர் பெருமையுடன் எடுத்துரைத்தார். அப்பெருமை துறைக்கு உரியதன்று. அன்று உடனிருந்தவன் என்ற முறையில், நடந்ததை எழுதி வைப்பது என் கடமையாகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பூங்காவின் பார்வையாளர் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. வருவோருள் பெரும்பாலோர் புலியைக் காண வந்தனர்; காணாவிடில் எங்களைக் கடிந்துகொண்டனர். நகரின் ஈஜிபுரா, ஜோகுபாளையம் பகுதிகளிலிருந்து வந்த சில குடும்பங்களுக்கோ புலி ஒரு பொருட்டன்று. வாயிலிலிருந்து சிறிது தொலைவில், காட்டினுள், ஓடைக்கரையில் ஓர் அம்மன் கல் உண்டு. அவ்விடத்திற்குப் பூங்கா என்ற பெயர் வருமுன்பே அவர்கள் அவளிடம் வந்துகொண்டிருந்தனர்.

அவ்வாண்டு மூங்கில் பூத்து மடிந்திருந்தது. பூத்த மூங்கில் புதரோடு காய்ந்துவிடும். ஒரு பொறி போதும். ஃபயர் லைன் என்று நாங்கள் சொல்லும் தீத்தடுப்புப் பாதைகள் பாதிகூடத் துப்புரவாகவில்லை. காட்டினுள் எவரும் அடுப்பு மூட்டலாகாது என ஆணை வந்தது. அதன் நியாயத்தில் எனக்கு ஐயமில்லை.

அடுத்த ஞாயிறன்று ஒரு டெம்போ வந்து நின்றது. பானை, விறகு, வாழையிலையுடன் முதலில் இறங்கியவர் கலா. கார்மென்ட்ஸ் ஆலையில் தையல் வேலை பார்ப்பவர். அவர் கணவர் செல்வம் ஆட்டோ ஓட்டுநர். மகள் மீனாவுக்கு நான்கு வயது இருக்கும். வாயிற்கதவின்மேல் இருந்த குரங்கைச் சுட்டி, "அது இன்னா? அது ஏன் நம்மளயே பாக்குது?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் ஆணையைச் சொன்னேன்.

"வருசா வருசம் வெக்கிறோமே சார். இப்ப இன்னா புதுசா?" என்றார் கலா.

காய்ந்த மூங்கிலைக் காட்டினேன். செல்வம் குறுக்கிட்டார்: "வெறகுதானே சார் பிரச்சன? கேஸ் அடுப்பு எடுத்தாந்துர்றேன்."

காவற்பணியில் இருந்த வாட்சர் நஞ்சப்பா, நெருப்பைக் கன்னடத்தில் 'பெங்கி' என்றே சொல்பவர், வெகுண்டார். "கேஸ் ஆனா இன்னா, கட்டை ஆனா இன்னா? பெங்கி பெங்கிதான்! காடு பத்திக்கினா நீயா ஆட்டோல தண்ணி கொண்டாந்து ஊத்துவே?"

"ராத்திரி ரேட்டு மாதிரி ஒன்னரை மீட்டர் குடுத்தா ஊத்துறேண்ணா" என்றார் செல்வம்.

எல்லோரும் சிரித்தனர். கலா சிரிக்கவில்லை. என்னருகே வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "மூணு வயசு தாண்டியும் இவ வாயே தொறக்கல சார். ஏறாத ஆஸ்பத்திரி இல்ல. கடசில இந்த அம்மன்கிட்ட வந்துதான் அழுதேன். புள்ளைக்குப் பேச்சு வந்தா உன் கண்ணு முன்னால பொங்க வெக்கிறேன்னு வாக்கு குடுத்தேன். இப்ப பேசுறா. வாக்கு தப்பினா, குடுத்தத அவ எடுத்துக்கினா நான் இன்னா பண்ணுவேன்?"

வாயிலருகே பொங்கி, பின்னர் எடுத்துச் சென்று படைக்கலாமே என்றேன்.

"பொங்கின சோறு அவளுக்கு இன்னாத்துக்கு சார்? பொங்குறத அவ பாக்கணும்."

அத்தாயின் வாக்கும் காட்டுக்கு நான் பட்டிருந்த கடமையும் நேருக்கு நேர் நின்றன. விட்டுக்கொடுக்க என்னால் இயலாது. திருப்பியனுப்பவும் மனம் வரவில்லை.

அதுவரை டெம்போவின் நிழலில் அமர்ந்திருந்த கலாவின் மாமனார் முனுசாமி எழுந்து வந்தார். தொழில் பெயிண்டர்; குடும்பத்திற்கு அவரே பூசாரி.

"நாங்க உள்ள போயி பொங்க வெக்கக் கூடாது. அவ வெளிய வரக் கூடாதுன்னு எதுனா ஆர்டர் இருக்கா சார்?"

இல்லை என்றேன்.

"அப்ப கரகத்துல அழைச்சாந்துருவோம். திருவிழால தெருத் தெருவா வர்றவதானே, இந்த கேட்டு வரிக்கும் வர மாட்டாளா?"

கலாவுக்குத் துணிவு வரவில்லை. "இவ காட்ட உட்டு எங்கியும் போனதில்லயே மாமா. வருவாளா?"

"பூ கேப்போம்."

நெருப்பின்றி ஓடைக்குச் சென்றோம். நானும் நஞ்சப்பாவும் உடன் நடந்தோம். கல்லுக்கு நீராட்டி மஞ்சள் பூசி, அதன் உச்சியில் இருபுறமும் ஈரப்பூக்களை ஒட்டினார் முனுசாமி. வலப்புறத்துப் பூ விழுந்தால் இசைவு. இடப்புறத்துப் பூ விழுந்தால் மறுப்பு.

இரண்டும் விழவில்லை. கலா கூப்பிய கையை இறக்கவில்லை. இடப்பூ சற்றே சாய்ந்தாற்போல் எனக்குத் தோன்றியது. பணியில் இருக்கும் அலுவலன் நான், ஒரு பூவை நோக்கி மனத்துக்குள் மன்றாடிக்கொண்டிருந்தேன்.

காத்திருந்து சலித்த மீனா கல்லருகே போய்க் குனிந்தாள். "ஏ அம்மன், தூங்குறியா? வா போலாம். கேட்டாண்ட பொங்கல் வெக்கப் போறாங்க!"

செல்வம் பதறி அவளை இழுத்தார். கலா கையை உயர்த்தித் தடுத்தார். கண்ணீர் வழிய மாமனாரைப் பார்த்தார். "எந்தக் கொரலுக்காக வேண்டிக்கினேனோ, அந்தக் கொரலே கூப்ட்டாச்சு. இன்னும் பூவு எதுக்கு மாமா? எடுங்க கரகத்த."

முனுசாமி ஓடை நீரைச் செம்பில் முகந்து, வேப்பிலை சொருகி, மருமகளின் தலையில் ஏற்றினார்.

வாயிலுக்கு வெளியே, செத்தை துப்புரவு செய்யப்பட்ட வெட்டவெளியில், கரகத்தின் எதிரே பானை பொங்கி வழிந்தது. குலவை ஒலியைக் கேட்டு, புலி காண வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்தனர். அடுப்பின் கடைசிக் கங்கும் அவியும்வரை நஞ்சப்பா வாளித் தண்ணீருடன் நின்றார். பிறகே இலைமுன் உண்ண அமர்ந்தார்.

அழைத்து வந்தவளைக் கொண்டுபோய் விட வேண்டுமல்லவா? யானைகள் நீர் குடிக்க இறங்குமுன் திரும்பிவிட வேண்டும் என்று நஞ்சப்பா அவசரப்படுத்தினார். ஆயினும் செருப்பைக் கழற்றிவிட்டு, தடியால் முள்ளை ஒதுக்கியபடி கரகத்திற்கு முன்னே அவரே நடந்தார். கல்லின் அடியில் நீரை வார்த்த கலா, பிறந்த வீட்டில் தங்கையை விட்டுப் பிரிபவரைப் போல, "பத்திரமா இரு தாயி. அடுத்த வருசம் வந்து இட்டுக்கினு போறேன்" என்றார்.

அவ்வண்ணமே வந்தார், பிற குடும்பங்களும் பின்பற்றின. தடை நீங்கிய ஆண்டுகளிலும் எவரும் உள்ளே அடுப்பு மூட்டக் கேட்கவில்லை. காட்டுக்கு வருவோர் எதைப் போற்றி வருகின்றனர் என்று கேட்டறிந்த பிறகே கதவைச் சாத்துவது பற்றிப் பேச வேண்டும். பயிலரங்கில் நான் சொல்ல எண்ணியது இவ்வளவே.

நினைவிலிருந்து எழுதுகிறேன். கரகம் எடுத்த முறையிலோ நிகழ்ச்சிகளின் வரிசையிலோ பிழை இருப்பின், அறிந்தோர் தயங்காது திருத்த வேண்டுகிறேன். ஓடைக்கரையில் அச்சிறுமி சொன்ன சொற்களை மட்டும் அவள் தாயார் படித்துப் பார்த்துத் திருத்த வேண்டும். அவற்றுள் ஒன்றையேனும் அவர் மறந்திருக்க மாட்டார்.