லேபில் குழம்பு விசாரித்தவர்

தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியின் லேபில் இருந்த அந்த அம்மாவின் பெயர் எனக்குத் தெரியாது. கண்ணாடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டு, தலை நிறையக் கனகாம்பரம் வைத்திருப்பார். யார் வந்தாலும், "வீட்ல என்ன கொழம்பு?" என்று கேட்பார். ஊசி பயத்தை மறக்கடிக்கும் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன்.

என் நுரையீரலைச் சுற்றிய உறையில் நீர் கோத்திருந்தது. காசநோயாக இருக்கலாம் என்றார் டாக்டர். நீரை ஊசியால் எடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். மறுநாள் சளி கொடுக்கப் போனேன். அதே கேள்வி.

"கொழம்பு இல்லீங்க, நண்டுச் சாறு. மழை வந்தாலே எனக்குச் சளி பிடிக்கும். வயல் நண்ட இடிச்சுப் புழிஞ்சு, லேசா சூடு காட்டிக் குடிச்சுடுவேன்."

"கொதிக்க வைக்க மாட்டீங்களா?"

"சத்து போயிடுங்களே."

அவர் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு, என் சளியோடு மைக்ராஸ்கோப்பில் குனிந்தார். வெகுநேரம் கழித்து, "இங்க வந்து பாருங்க" என்றார். பழுப்பாக, மூடி போட்ட சொம்பு மாதிரி ஒன்று தெரிந்தது.

"நண்டுலேந்து வந்த புழு போட்ட முட்டை. டிபி இல்லீங்க. மாத்திரையிலயே சரியாயிடும்."

தானே இட்ட முட்டைபோல அவர் முகத்தில் அத்தனை பெருமை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

குணமானபின் மறுபரிசோதனைக்குப் போனேன்.

"இன்னிக்கு என்ன கொழம்பு?"

"நண்டுதாங்க. தளதளன்னு கொதிக்க வச்சது."

"மிளகு எவ்வளவு போட்டீங்க?"

அந்தக் கேள்வி எந்த நோய்க்கானது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.