கூட்டத்துக்குள் போன குரல்

"தண்ணியில குந்திக்கினு இறால் தடவுறதெல்லாம் ஒரு உத்தியோகமா? அத்தப் போயி எவன் காதுல மாட்டிக்கினு கேப்பான்?"

போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் வைத்து என் மாமா கேட்ட கேள்வி இது. அம்மாவின் தம்பி; கடலுக்குப் போகிறவர். யாரையாவது கேலி பேசாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பாட்காஸ்ட் ஒன்று பதிவு செய்யப் போகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அதற்குத்தான் இந்தக் கேள்வி.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். கல்லூரியும் முடித்து, பொன்னேரியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இதைச் சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிரும்; நிமிரட்டும். பஸ்ஸில் போகும்போது, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் அனுபவங்களைப் பேசும் பாட்காஸ்ட்களைக் கேட்டுக்கொண்டே போவேன். ஒருநாள் அதில் ஒரு பெண், அலுவலகக் கூட்டத்தில் தான் வாயைத் திறந்தாலே யாராவது குறுக்கே பேசி அடைத்துவிடுவதாகச் சொன்னார். எனக்கு அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அம்மாவின் வேலையில் வாயைத் திறக்கவே முடியாது.

அம்மாவும், மாமாவின் மனைவியான அத்தையும் ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்கள். வலை இல்லை, படகு இல்லை. தண்ணீருக்குள் உட்கார்ந்து நகர்ந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் பின்னிய பை ஒன்று உண்டு. பறி என்போம். கைகள் இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். கரையேறும்வரை பேச்சில்லை. கெளுத்தி முள் குத்தினால்கூட மூக்கால்தான் முனகல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்யப் போனேன். கரையில் நின்று கேட்டபோது அங்கிருந்த பெண்கள் யாரும் பேசவில்லை. "நீ போடி அந்தாண்ட, வேலைக்கு நேரமாவுது" என்று இறங்கிவிட்டார்கள். நானும் போனை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். பதிவானது என்ன? தண்ணீர் அலம்பும் சத்தம். மூக்கால் விடும் மூச்சு. நடுவில் ஒரு 'ம்ம்ம்'. அம்மாவை முள் குத்தியிருந்தது. ரத்தம் வந்த விரலை உதறிவிட்டு மறுபடியும் சேற்றில் கையை விட்டார்.

ஆனால் கரையேறிப் பறியை வாயிலிருந்து எடுத்து, மரத்துப்போன தாடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டதும் பேச்சு மடை உடைத்துக்கொண்டது. அத்தனையும் ஒரே விஷயத்தில் வந்து நின்றது. ஈரப் புடவை.

ஏரியிலிருந்து ஏறியதும் வீட்டுக்கு ஓடிவிட முடியாது. இறால் வாடுவதற்குள் விற்றாக வேண்டும். வியாபாரி வரும்வரை உடம்போடு ஒட்டிய புடவையில், காற்றில், டீக்கடைப் பக்கம் இருக்கும் ஆண்கள் பார்வையில் நிற்க வேண்டும். மாற்றிக்கொள்ள ஒரு மறைவு கிடையாது.

"ஆபீஸ்ல ஏசி போட்டா பொம்பளைங்களுக்குக் குளுருதாமே? நமக்கு ஏரியே ஏசிதான்டி" என்று அத்தை சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவரே மெதுவாகச் சொன்னார்: "தூரமான நாள்ல மட்டும் சிரிப்பு வராது. அப்டியே செத்துட்லாம் போலக் கீது."

பதிவை அவர்களுக்கே போட்டுக் காட்டினேன். வெளியிடலாமா என்று கேட்டேன். "எம்பேர போடாத. என் கொரல போடு" என்றார் அம்மா.

வெளியிட்டேன். எங்கோ இருக்கிற சிலர் கேட்டார்கள், நல்ல வார்த்தை எழுதினார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அம்மா இன்னும் ஈரப் புடவையோடுதான் நின்றுகொண்டிருந்தார்.

அந்த நேரத்தில்தான் ஊர்க்கூட்டம் வந்தது. கரையோரத்தில் காலியாகக் கிடந்த வலைக் கொட்டகையை ஐஸ் பெட்டிகள் வைக்க விட்டுவிடலாம் என்று பேச்சு. அது போய்விட்டால் கரையில் வேறு இடமே கிடையாது. பெண்களுக்குத் துணி மாற்ற அதில் ஒரு பாதி வேண்டும். ஆனால் எங்கள் ஊர் வழக்கப்படி கூட்டத்தில் பெண்கள் பேசுவதில்லை. வேலிக்கு வெளியே நின்று கேட்கலாம், அவ்வளவுதான். படித்த பெண் என்று எனக்கு மட்டும் தனி வழி இல்லை.

மாமாவிடம் போய் நின்றேன். "நீங்க சொல்லுங்க மாமா."

"பொம்பளைங்க துணி மாத்துற கதைய நான் எப்டிடி சபையில பேசறது? ஆளப் பாரு!"

நான் போனை அவர் காதில் வைத்தேன். சிரித்துக்கொண்டே கேட்க ஆரம்பித்தவர், அத்தையின் குரல் வந்ததும் சிரிப்பை நிறுத்தினார். அத்தை கரையேறும் நேரத்தில் அவர் கடலில் இருப்பார். எத்தனை வருடமானாலும் அவருக்கு இது தெரிய வழியில்லை. முடிந்ததும் போனைத் திருப்பித் தரவில்லை. "கூட்டம் முடியிறவரைக்கும் இது எங்கிட்டயே இருக்கட்டும்" என்றார்.

கூட்டத்தில் கொட்டகைப் பேச்சு வந்ததும் மாமா எழுந்து போனை உயர்த்திப் பிடித்தார். விஷயம் புரிந்ததும் ஒருவர் தடுத்தார். "பொம்பள கொரலு சபையில கேக்கக் கூடாதுன்றது வழக்கமாச்சே?"

"பேசப்போறது போனுப்பா. போனு பேசக் கூடாதுன்னு எதுனா வழக்கம் கீதா?"

வேலிக்கு வெளியே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். உள்ளேயும் சிரிப்பு. ஊர்த் தலைவர் கையசைத்து, போடச் சொன்னார்.

முதலில் வந்தது தண்ணீர்ச் சத்தமும் மூச்சும் மட்டும்தான். பொறுமை இழந்த ஒருவர், "இன்னாய்யா இது, ஒண்ணுமே கேக்கல?" என்றார்.

"கம்முனு கேளு. அதான் அவுங்க வேல. வாயில பறி கீது" என்றார் மாமா.

அந்த 'ம்ம்ம்' வந்தபோது, பொறுமை இழந்தவரே முன்னால் சாய்ந்து காது கொடுத்தார். பிறகு கரையேறிய குரல்கள். யாருடைய பெயரும் அதில் இல்லை. ஆனால் அவரவர் வீட்டுக் குரல் அவரவருக்குத் தெரியாதா? தலைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்தன. என் நைனா மட்டும் தலையைத் திருப்பி, வேலிக்கு இந்தப் பக்கம் அம்மா எங்கே நிற்கிறார் என்று தேடினார்.

கொட்டகையில் பாதி பெண்களுக்கு என்று முடிவானது. அந்த வாரமே நடுவில் தட்டி கட்டி, உள்ளே தாழ்ப்பாள் வைத்த கதவு போட்டார்கள். நல்ல தண்ணீருக்கு ஒரு டிரம் வைத்தார்கள். கதவை மாட்டியவர்களில் மாமாவும் ஒருவர். "உன் ரேடியோவால எனக்கு ஆசாரி வேலையும் வந்துச்சி" என்று அப்போதும் கேலிதான். இப்போது அம்மா உலர்ந்த புடவையோடு வியாபாரி முன்னால் நிற்கிறார். விலை பேசும்போது குரலும் முன்பைவிடக் கொஞ்சம் உரக்கத்தான் கேட்கிறது.

கழிப்பறை இன்னும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்று ஊர்த் தலைவரைப் போன வாரம் பார்த்தேன். "மறுபடியும் போனா?" என்று கேட்டார். "இல்லீங்க, நானே பேசறேன்" என்றேன். "சரி, வா" என்றார்.

பல்லில் பறியைக் கடித்துக்கொண்டு என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. அந்த வாய் மூடியிருந்த நேரமெல்லாம் என் வாய் திறப்பதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் பேசுகிறவர்கள் வரிசையில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.